கிழக்கே வாய்க்கால்

1. கிளியனூர் அருகே தன் நிலத்தில் மேற்குப் பக்கம் இரண்டு ஏக்கரை விற்க சவரிமுத்து ஐயா முடிவு செய்தார். கிழக்கே கிணறு இருக்கும் நாற்பது சென்ட் அவருக்கே.
2. நான் வேலை செய்யும் திண்டிவனம் சர்வே ஆபீஸ் என்னை அளக்க அனுப்பியது. அளந்து கல் நட்டேன்.
3. பழைய பத்திரங்கள் கேட்டேன். தகரப் பெட்டி வந்தது. அடியில் அவருடைய முப்பாட்டனார் எழுதிக்கொடுத்த பத்திரத்தின் நகல், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காகிதம்.

"அவரு காரியஸ்தனுக்கு ஒரு காணி இனாமா குடுத்தாரும்மா. அவன் மூணு காணிய முழுங்கிட்டான். எப்படின்னு எங்க வூட்ல யாருக்கும் தெரியல" என்றார் சவரிமுத்து ஐயா.

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. வழக்கமாக நான் அளவை மட்டும் பார்ப்பேன். நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லும் செக்குபந்தியை வக்கீல் பார்ப்பார் என்று விட்டுவிடுவேன். இதில் காணி, குழி என்று பழைய கால நில அளவில் கணக்கு இருந்ததால், இடத்தைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லாமல் செக்குபந்தியைப் படித்தேன்.

அளவு ஒரு காணிதான். ஆனால் 'வடக்கே ஓடை' என்று இருந்தது. ஓடை வரைக்கும் போனால் மூன்று காணி. அளவும் எல்லையும் ஒத்துப்போகாவிட்டால் கோர்ட்டில் பெரும்பாலும் எல்லைதான் நிற்கும். கீழே முப்பாட்டனாரின் கைநாட்டு. பத்திரம் எழுதியவர் அதே காரியஸ்தர்.

மறுநாள் பதிவாக இருந்த விற்பனைப் பத்திரத்தின் டிராஃப்ட் என் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஏக்கர். கிழக்கே வாய்க்கால். கிணறும் நாற்பது சென்ட்டும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்; வாய்க்கால்தான் எல்லை என்றால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

டிராஃப்ட்டைத் தயார் செய்த புரோக்கருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"முழு நிலத்தோட மூலப் பத்திரத்த பாத்து அப்படியே டைப் அடிச்சது மேடம். ஜல்தியா ஸ்கெட்ச்ச குடுங்க, பேஜாரு பண்ணாதீங்க."

சவரிமுத்து ஐயா குனிந்து போனிடம் சொன்னார்: "எங்க முப்பாட்டனாவது கைநாட்டு. நான் எஸ்எஸ்எல்சி பாஸுங்க, புரோக்கரே!"

புரோக்கர் ஏமாற்றப் பார்த்தாரா, கவனிக்காமல் காப்பி அடித்தாரா, எனக்குத் தெரியாது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று: ஸ்கெட்ச்சில் கையெழுத்துப் போடும் முன் செக்குபந்தியைப் படியுங்கள். அது நம் வேலையும்தான்.

இப்போது டிராஃப்ட்டில் 'கிழக்கே என் பாக்கி நிலம்' என்று இருக்கிறது. வாங்குபவர் ஒப்புக்கொண்டார். பதிவு இன்னும் ஆகவில்லை. கிணறு சவரிமுத்து ஐயாவிடம் இருக்கிறது. அன்று காரியஸ்தரிடம் போன ஓடைப் பக்கத்து நிலத்தில் வேறு யாரோ மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருக்கிறார்கள்.