சக்கரத்துக்கு அடியில் இருபது எலுமிச்சை

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். சொன்னதைச் சொன்னபடியே கேட்பார், ஓர் எழுத்துகூட ஏறாது, குறையாது. இதை நல்ல குணம் என்று நினைப்பவர்கள் வந்து ஒரு வாரம் அவரோடு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். பறித்த பழம் வாடாமலிருக்க அதன் மேல் என்ன பூசலாம் என்று பார்க்கிற ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. என் அண்ணனுக்கு மார்டள்ளியில் எலுமிச்சைத் தோட்டம். போன வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு விலை விழுந்தது. வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பழத்தையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே ஏறக்குறைய இருபது நாள். அந்த இருபது நாள் காய் தாக்குப் பிடித்தால் தீபாவளி விலைக்கு விற்கலாம். கற்றாழைச் சோற்றை அடித்து வடிகட்டி, ஆறின ஜவ்வரிசிக் கஞ்சியில் கலந்து, கழுவித் துடைத்த காயை அதில் முக்கி, ஃபேன் காற்றில் உலர்த்தினால் போதும். எல்லாம் வாயில் போடுகிற பொருள்தான். அண்ணனிடம் இதை விளக்கியபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"வேட்டிக்குப் போடற கஞ்சிய எலுமிச்சைக்குப் போடச் சொல்றியே அம்மிணி. இஸ்திரியும் போட்ரலாமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்த வருடம் பூஜைக்கு இருபது நாள் முன்னால் அவர் தோட்டத்திலிருந்தே நாற்பது காய் வரவழைத்தேன். இருபதுக்குப் பூச்சு, இருபது வெறுமனே. இரண்டு கூடையையும் சமையலறைப் பரணில் வைத்தேன். பூஜையன்று மதியம் அண்ணன் நேரில் வந்து பார்ப்பதாகப் பேச்சு. மறுநாள் காலை வியாபாரி தோட்டத்துக்கு வருவான். கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதா, பறித்து வைத்துக்கொள்வதா என்று அதற்குள் அண்ணன் முடிவு சொல்லியாக வேண்டும்.

சமையலுக்கு இதைத் தொடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவரும் சமையலுக்குத் தொடவில்லை.

ஆயுத பூஜையன்று எங்கள் தெருவில் கழுவிப் பொட்டு வைக்காத வண்டியே இருக்காது. ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு எலுமிச்சை. நல்ல நேரம் பிறந்ததும் வண்டியை நகர்த்தி நசுக்குவார்கள். நான் பூ வாங்கப் போயிருந்த நேரத்தில் கீழ்வீட்டு ஓனரம்மா எலுமிச்சை இருக்கிறதா என்று குரல் கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் தாராள மனசுக்காரர். ஓனரம்மா காருக்கு நாலு, எங்கள் ஸ்கூட்டர்களுக்கு நாலு, மீதியைத் தெருவுக்கே தானம் செய்துவிட்டார்.

திரும்பி வந்தால் பரணில் ஒரே ஒரு கூடை. அதில் வெறுங்காய்கள், பழுப்பேறி, மரக்கட்டை மாதிரி.

"சாமிக்கு வாடினதையா வைக்கிறது? நல்லதா பார்த்து எடுத்தேன், அஷ்டே," என்றார். அவ்வளவுதானாம். நியாயமாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல்.

அதே நேரம் அண்ணன் படியேறி வந்தார். கூடையை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் பூச்சுப் போட்ட காய் என்று நினைத்துவிட்டார். முகம் சுண்டிப்போய், பரவாயில்லை, வியாபாரிக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கேலியெல்லாம் வாயோடு, மனுஷன் உள்ளுக்குள் இந்தக் கஞ்சியை நம்பித்தான் பஸ் ஏறியிருக்கிறார். என் கண் கலங்கிவிட்டது.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே வந்தேன். எங்கள் ஸ்கூட்டர் சக்கரத்தடியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் காயை உலுக்கிப் பறிக்க விடமாட்டார். கத்தரியால் கொஞ்சம் காம்பு விட்டு நறுக்குவார். சந்தைக் காயில் அந்தக் காம்பைப் பார்க்க முடியாது. அண்ணன் காம்பைத் தடவினார், தோலை அழுத்தினார், மோந்தார்.

"நம்ம காயேதான். ஆனா ஒண்ணு ரெண்டு எதுலயும் தப்பும். மத்ததெல்லாம் எங்க?"

தெருவைக் காட்டினேன். நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. சக்கரத்தடியில் வைத்ததை எடுத்தால் தெருவே சண்டைக்கு வரும், அதனால் எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட வேண்டியதுதான். மாடிக்கு ஓடி வாடின காய்களைப் பையில் அள்ளி வந்தேன். தோட்டத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற என் அண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓனரம்மா கார் பக்கம் பூனை நடை போட்டார். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என் பக்கத்து இரண்டையும் மாற்றினேன், அவர் பின்சக்கரத்தை முடித்தார். அதற்குள் ஓனரம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

குத்த வைத்து உட்கார்ந்திருந்த நான் சட்டென்று சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இந்தக் காலத்தில் இவ்வளவு பக்தியா என்று அவர் உருகி, என் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். அந்தப் பக்கம் அண்ணன் முன்சக்கரத்தருகே பதுங்கிக் கிடந்தார். ஆரத்தி முடிந்தது, ஓனரம்மா காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

கார் நகர்ந்தது. மூன்று சக்கரத்தடியில் ஏதோ சுள்ளி முறிந்த சத்தம், ஒரு பொட்டுச் சாறு இல்லை. நாலாவது, அண்ணன் மாற்ற நேரமில்லாமல் விட்டது, 'டப்'பென்று வெடித்து அவர் வேட்டி, சட்டை, மீசை என்று ஒரு இடம் விடாமல் பீய்ச்சியடித்தது.

ஓனரம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தார். மற்ற மூன்றும் ஏன் இப்படிச் சக்கையாகக் கிடக்கிறது, யார் இந்த மனுஷர் என்று என்னைக் கேட்டார்.

அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. மீசையில் வழிந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். முகம் கோணி, கண் மூடி, திறந்தது. நனைந்த கையோடு போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அவன் வந்தா டீ குடுத்து அனுப்பு. காய் குடுக்கறதா இல்ல."

போனை வைத்துவிட்டு, ஈரம் சொட்டுகிற வேட்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"கஞ்சிக்குத் தண்ணி எத்தன அம்மிணி?"