கடைசியா கை வெச்சவன் பேரு

நெனைச்சா இப்பவும் ஆத்திரம்தான் வருது. யாரையோ திட்டத்தான் ஆரம்பிப்பேன், சுத்தி வந்து என்கிட்டயே நிக்கும்.

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில பதினோரு வருஷம் செக்கரா இருந்தேன். மேசைக்கு வர்ற பீஸ்ல தையல் கோணலா இருந்தா, அந்த எடத்துல சின்னதா ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி லைனுக்கே திருப்பித் தள்ளுவேன். இன்னா தப்புன்னு வாயைத் தெறந்து சொல்ற பழக்கம் கெடையாது. சரி பண்ணி வர்ற பீஸ், கடைசியா யார் கை வெச்சாங்களோ அவங்க பேர்லதான் ஏறும். மொத மொத தைச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதுதான் அங்க மொறை.

அப்புறம் நானும், அதே கம்பெனில சூப்பர்வைசரா இருந்த என் தோஸ்தும் கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு, சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் எழுதினோம். ஒரு தோலை ஸ்கேன் பண்ணிப் போட்டா, ஷூவுக்கு வேண்டிய துண்டுங்களை வேஸ்ட் கம்மியா வர்ற மாதிரி அதுமேல அடுக்கிக் காட்டும். ஓப்பன் சோர்ஸ். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தி அனுப்பலாம், நாங்க ரெண்டு பேரும் பார்த்துச் சேர்ப்போம். நாலு எடத்துல பெருமையா பேசிக்கிட்டோம். ஆனா திருத்தி அனுப்ப ஆளே வரலை. வந்த ஒண்ணு ரெண்டு பேரும் ஒரு தடவையோட ஓடிட்டாங்க. ஏன்னு யோசிக்காம, சோம்பேறிப் பசங்கன்னு அவங்களையே திட்டினோம்.

மாதனூர் பக்கத்துலர்ந்து ஒரு பொண்ணு எழுதிச்சு. பி.சி.ஏ. முடிச்சுட்டு, கம்பெனி பஸ் ஏறி தோல் வெட்டற செக்‌ஷனுக்குப் போற பொண்ணு.

"சார், தோலைப் பேப்பர் மாதிரி நெனைச்சு எழுதியிருக்கீங்க. வயித்துப் பக்கத் தோல் இழுபடும். ஷூவோட முன்பக்கத் துண்டை அங்க வெட்டினா கொஞ்ச நாள்லயே தொளதொளன்னு ஆயிடும். அங்க வைக்காத மாதிரி மாத்திருக்கேன். வேலூர்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இன்டர்வியூ இருக்கு, நான் செஞ்சதுன்னு இதைத்தான் காட்டணும். கொஞ்சம் சீக்கிரம் பார்த்துச் சேர்த்துடுங்க சார்."

சொன்னது நூத்துக்கு நூறு சரி. அத்தினி வருஷம் தோல் நாத்தத்துலயே கெடந்த எனக்கு அது தோணலை. அந்தக் கடுப்போ இன்னாவோ, அது அனுப்பின புரோகிராம்ல ஒரு வரில இடைவெளி சரியில்லைன்னு அதுல குறி போட்டுத் திருப்பி அனுப்பினேன். எது தப்புன்னு ஒரு வார்த்தை எழுதலை. பொண்ணு எதையோ மாத்தி அனுப்பிச்சு. வேற வரில குறி போட்டேன். மறுபடி அனுப்பிச்சு, மறுபடி திருப்பினேன். ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

தோஸ்த் அதைப் பார்த்தான். நான் குறி போட்ட இடைவெளிங்களை அவனே சரி பண்ணி, மொத்தத்தையும் தன் பேர்ல சேர்த்துட்டான். நெட்ல எல்லாரும் பார்க்கற, செஞ்சவங்க லிஸ்ட்ல பொண்ணு பேரே இல்ல. கேட்டா, "கடைசியா நான்தானே கை வெச்சேன்"னான், சர்வசாதாரணமா. அது திருட்டுன்னு அவனுக்கு நெஜமாவே தெரியலை. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும், எதுக்கு பேஜாருன்னு வாயை மூடிக்கிட்டேன்.

பத்து நாள் கழிச்சு ஒரு மத்தியானம், பிரியாணிக் கடைல உக்காந்துக்கிட்டு, திருத்தி அனுப்பற ஆளுங்களை எப்படி ஜாஸ்தி பண்றதுன்னு அவன் பேச ஆரம்பிச்சான். புதுசா வர்றவங்களுக்கு வரவேற்புக் கடுதாசி அனுப்பலாமாம், பேட்ஜ் குடுக்கலாமாம். வாய் நெறைய சோத்தை வெச்சுக்கிட்டு அவன் பேசப் பேச நான் தட்டைத் தள்ளி வெச்சேன். அவன்மேல அருவருப்பு, எதிர்ல தலையாட்டிக்கிட்டிருந்த என்மேல அதைவிட ஜாஸ்தி. எழுந்து கை கழுவிட்டு வந்து, அங்கயே போனை எடுத்து, லிஸ்ட்ல அந்தத் திருத்தத்துக்கு நேரா இருந்த அவன் பேரை அடிச்சுட்டு அந்தப் பொண்ணு பேரைப் போட்டேன். அவன் மொறைச்சான். மொறைக்கட்டும். பொண்ணுக்கும் எழுதினேன்: "தப்பு எங்களுதும்மா. உன் பேரைச் சேர்த்துட்டேன். இன்டர்வியூல காட்டு."

அந்தப் பொண்ணுக்கும் அது சாப்பாட்டு நேரம் போல. உடனே பதில் வந்துச்சு.

"இன்டர்வியூ போன செவ்வாக்கெழமையே முடிஞ்சிடுச்சு சார். நான் எழுதினதுன்னு சொன்னேன். அவங்க என் எதிர்லயே லிஸ்ட்டைத் தெறந்து என் பேரைத் தேடினாங்க. படிச்ச பொண்ணு இப்படிப் பொய் சொல்லலாமான்னு கேட்டு அனுப்பிட்டாங்க."