மூன்றும் ஐந்தும் சந்திக்கும் இடம்

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. பதினெட்டு வருஷம் காகிதத்தைப் பார்க்காமலே அறிவிப்புச் செய்தவள். எந்த வண்டி எதை எங்கே சந்திக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கண் மங்கியது, கால் மரத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். மருந்தில் காலாவது சொன்ன பேச்சைக் கேட்டது. வார்த்தைதான் ஆடி அசைந்து வந்தது.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "மூளையில ஒரு பகுதிக்கும் இன்னொண்ணுக்கும் நரம்பால தொடர்பு இருக்கும்மா. நரம்போட உறை அங்கங்க கெட்டுப்போனதால சேதி சுத்திக்கிட்டு வருது."

"டைவர்ஷன்னு சொல்லுங்க. லேட்டானாலும் வந்து சேரும்ல?"

டாக்டர் சிரித்தார்.

மறுபடி அந்த மைக்கின் முன் உட்கார அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அறிவித்துப் பார்ப்பாள். ஆனால் வேலைக்குத் திரும்ப ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். சான்றுக்கு ஒரு பரீட்சை. மூன்று நொடிக்கு ஓர் எண் ஒலிக்கும். அதை முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"மூணு... அஞ்சு."

"தண்ணித்தொட்டி ஸ்டாப்."

பரீட்சை வைத்த பெண் நிமிர்ந்தாள். "என்னக்கா?"

"மூணாம் நம்பரும் அஞ்சும் அங்கதான் சந்திக்கும்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு எண்கள் போயே போய்விட்டன. மீதியையும் கோட்டை விட்டாள். சான்று கிடைக்கவில்லை.

அவள் கணவர் ஐந்தாம் எண் வண்டியின் ஓட்டுநர். சாயங்காலம் அதில்தான் ஏறி, அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் புது ஆள் காகிதத்தைப் பார்த்து ஐந்தாம் எண்ணை அறிவித்தார். அவளும் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

நடத்துநர் விசில் ஊதினார். வண்டி நகரவில்லை.

"எடுங்கண்ணே!"

"இன்னும் அறிவிப்பு வரலப்பா."

"இப்பத்தானே சொன்னாங்க? காது அடைச்சுப் போச்சா?"

கணவர் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ திட்டினார்கள். அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"ஐந்தாம் எண்... தண்ணீர்த்தொட்டி வழியாக... சந்தைக்குச் செல்லும் வண்டி... புறப்படுகிறது."

"ஆங், வந்துடுச்சு," என்று அவர் பிரேக்கை விடுவித்தார்.

குரல் பழைய குரலேதான். கடைசி இருக்கைவரைதான் கேட்டது.