தும்பாங் கொடுத்தவரின் கேமரா

வழியில் நிற்பவரை வண்டியில் ஏற்றிக்கொள்வதை நாங்கள் தும்பாங் என்போம். அப்பா லோரி ஓட்டிய காலத்தில் கிள்ளான் சாலையில் கை காட்டிய யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. எங்கே இறங்கணும் என்று மட்டும் கேட்பார். அதற்குமேல் கேட்டால் அது தும்பாங் இல்லை, போலீஸ் விசாரணை என்பார்.

போன மாதம் நான் தும்பாங் போன கார் அப்படி இல்லை.

அப்பா கிள்ளானில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பலவீனமான இதயம். மனதை அலட்டும் எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அப்பா தன் ஆயுசில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே புதுக் கார் என் பேரில் இருந்தது. வைத்தியச் செலவுக்காக அதை விற்றுவிட்டேன். அவரிடம் மூச்சு விடவில்லை. தினமும் நான் நுழைந்ததும் பார்க்கிங் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்பார். மரத்தடியில் போட்டிருக்கிறேன் என்பேன். முகம் தெளியும்.

அன்று பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கினால் கிள்ளானில் கொட்டுகிற மழை. பஸ்ஸைக் காணோம். போனில் கூப்பிட்டால் ஒரு காரும் வரவில்லை. பார்வை நேரம் முடியப்போகிறது. அப்போதுதான் ஒருவர் காரை நிறுத்தினார். நெற்றி நிறையத் திருநீறு, அப்பாவைவிடக் கொஞ்சம் இளைய வயது.

காருக்குள் வாசனைக்காகப் போட்டு அழுகிப்போன பண்டான் இலை நாற்றம். எங்கே வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, சொந்தமாக வண்டி இல்லையா என்று வாயைப் பிடுங்கிக்கொண்டே வந்தார். ஏற்றிக்கொண்ட மனிதர் ஆயிற்றே என்று கார் விற்ற கதையைச் சொன்னேன். உச்சுக் கொட்டினார். அடுத்த சிவப்பு விளக்கில் போனை எடுத்து வீடியோவைத் தட்டி என் பக்கம் நீட்டினார்.

"வேணாம் அங்கிள்" என்று கையால் முகத்தை மறைத்தேன்.

"சும்மா இரும்மா, நாலு பேருக்கு நல்ல எண்ணம் வரட்டும்" என்றவர், போனைப் பார்த்துக் குரலைக் குழைத்தார். "நம்ம இனத்துப் பொண்ணு, அப்பா வைத்தியத்துக்குக் காரை வித்துட்டு மழையில நிக்குது. யாராச்சும் நிறுத்துனாங்களா? நான் நிறுத்துனேன்."

அதை அழிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். விளக்கு பச்சையாகுமுன் தன் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பியே விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்கும்போது, நன்றி சொல்லிவிட்டுப் போம்மா என்று மறுபடி போனைத் தூக்கினார். கதவை ஓங்கிச் சாத்தினேன். மனிதர் சிரிக்கிறார்! எச்சில் இலையில் சோறு போட்டுவிட்டு நான் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தது போல இருந்தது எனக்கு.

வார்டில் அப்பா தலையணையில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். நான் கட்டிலை நெருங்கும்போதே அந்தக் குழைந்த குரல் கேட்டது. நான் நிறுத்துனேன்.

அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். என் ஈரத் தலையையே பார்த்தார்.

"தலையத் தொடச்சிக்கம்மா" என்று கட்டில் கம்பியில் கிடந்த தன் துண்டை நீட்டினார்.

பார்க்கிங் கிடைத்ததா என்று அன்று கேட்கவில்லை. வீடு திரும்பிய பிறகும் இன்றுவரை கார் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.