விருந்தில் என் தம்பி உட்கார்ந்த இடம்

என் தம்பி ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தவன். மனைவிக்குத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பணி வந்ததும் வேலையை விட்டுவிட்டு அவளோடு போனான். இது மூன்றாவது நாடு. "பொண்டாட்டிக்குப் பெட்டி தூக்குறான்" என்று சித்தப்பா கேலி பேசுவார். தூக்கட்டுமே. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று திறக்காமலே சொல்லுவான். எனக்கு அதில் பெருமைதான்.

நான் அங்கே போயிருந்தபோது அவர்கள் வீட்டில் ஒரு மதிய விருந்து. பதவி உயர்ந்தபின் அவள் கொடுக்கும் முதல் விருந்து, தூதரே வருகிறார். ஏதாவது பிசகினால் அவள் பெயர் கெடும். தம்பிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. யார் பக்கத்தில் யார் என்பதில் பதவி வரிசை பார்க்க வேண்டும். எல்லைத் தகராறில் இருக்கும் இரண்டு நாட்டு அதிகாரிகளை எட்ட எட்ட உட்கார வைக்க வேண்டும். பதினான்கு பெயர்ச் சீட்டுகளையும் தட்டுகளுக்கு முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

நான் துணி ஆலையில் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். கோணல் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரே குடும்பப் பெயர் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று கிடந்தது. அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டான் என்று நினைத்து, புருஷன் பெண்டாட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துவைத்தேன். மற்றவர்களை மிச்ச இடத்தில் நிரப்பினேன்.

விருந்தாளிகள் கூடத்தில் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி மேஜையைப் பார்த்தான்.

"அக்கா, இதை யாரு தொட்டது?"

"நான்தான்டா. ஜோடிங்களைப் பிரிச்சு வச்சிருந்தியே, பாவம்!"

"பிரிச்சுத்தான்க்கா வைக்கணும்! வீட்ல பேசறது போதாதா அவங்களுக்கு?"

"யாரு எங்கேன்னு எழுதி வச்சிருப்பியே, அந்தத் தாள் எங்கேடா?"

"அவ கைப்பையில. அவ தூதர் பக்கத்துல நிக்கிறா."

"நான் என்னடா செய்யட்டும்?"

"எதையும் தொடாம நில்லு, போதும்."

நினைவிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றினான். பேச்சுச் சத்தம் நெருங்கி வந்தது. மற்றதெல்லாம் சரியானபோது, எல்லைத் தகராறுக்காரர்கள் இருவர் மட்டும், வீட்டுக்காரன் என்று அவனுக்கு ஒதுக்கிய கோடி நாற்காலிக்கு அருகே அடுத்தடுத்து இருந்தார்கள். கதவு திறந்தது. சட்டென்று அவர்களில் ஒருவர் சீட்டைத் தன் இடத்தில் வைத்தான்; தன் சீட்டை இருவருக்கும் நடுவில் வைத்தான்.

அடுக்களைக் கதவிடுக்கில் பார்த்தேன். இந்தப் பக்கம் திரும்பிப் பேசினான், அந்தப் பக்கம் திரும்பிப் பேசினான். அவன் தட்டில் சாப்பாடு வைத்தபடியே இருந்தது. தூதர் கோடி நாற்காலியைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

எல்லோரும் போனதும் அவள் வந்தாள். "ஏங்க, உங்க இடத்தை ஏன் விட்டீங்க? தூதர் கேட்டார்."

"என் கவனக்குறைவு" என்றான். என் பக்கம் திரும்பவேயில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் இல்லம்மா. சீட்டை மாத்தினது நான்" என்றேன்.

அவள் மேஜையில் கிடந்த பெயர்ச் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள்.

"தூதர் கோபமாவா கேட்டாரு?" என்றான் தம்பி.

"முகத்துல ஒண்ணும் தெரியல. அவர் தொழிலே அதுதானே" என்றவள், அவன் தட்டைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்க. அண்ணி, நீங்களும் உட்காருங்க. தூதர் கூப்பிட்டா திங்கட்கிழமை பார்த்துக்கலாம்."

திங்கட்கிழமை முழுக்க மூன்று பேருக்கும் காது போன் மேலேயே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் இன்னொரு விருந்து. தம்பி சீட்டுகளை வைத்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவன் செய்ததுதான் சரி.