மாண்டரினுக்கு அம்மா போட்ட மெட்டு

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து மாண்டரின் சீன வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளை நான் மட்டும்தான். அது மொழி ஆசையால் நடந்ததல்ல. பள்ளிக்கூடம் விட்டபின், அப்பாவும் அம்மாவும் பக்டரி வேலையிலிருந்து வந்துசேரும்வரை பிள்ளைகளை வைத்திருந்த வகுப்பு அது ஒன்றுதான். தொண்ணூறுகளில் எங்களைப் போன்ற வீடுகளில் பல முடிவுகளை வேலைநேரமே எடுத்தது.

மற்றப் பிள்ளைகள் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள். வீட்டில் கன்டனீஸ் என்ற இன்னொரு சீனம் பேசுகிறவர்கள். மாண்டரினில் நாக்கை மேலே மடித்துச் சொல்லவேண்டிய ஒலிகள் அவர்களுக்கு வழுக்கின. டகரமும் ளகரமும் சொல்லி வளர்ந்த எனக்கு அவை சும்மா வந்தன. குளிர்கோட்டைக் கழற்றாமலே படிப்பிக்கும் மிஸ், என்னை எழுப்பிவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்காட்டச் சொல்வார். இதைக் கேள்விப்பட்ட சித்தப்பா, "தமிழிலை ழ வராது, சீனாக்காரருக்குப் படிப்பிக்கிறாவாம்!" என்று சிரித்தார்.

வராதது குரலின் ஏற்ற இறக்கம். அந்த மொழியில் ஒரு சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் இன்னொன்று. தமிழில் அம்மா என்று அழுதாலும் அதட்டினாலும் அம்மாதான். மிஸ் கையைக் காற்றில் ஏற்றி இறக்கிக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நான் பிழைவிடுவதில்லை. கை நின்றால் என் குரல் தட்டையாகிவிடும்.

வருட முடிவில் பெற்றோர் முன்னால் ஒரு நிகழ்ச்சி இருந்தது. அது முடிந்ததும், அடுத்த வருடம் மாண்டரினா கன்டனீஸா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். கன்டனீஸ் என்றால் மிஸ்ஸுக்கு அங்கே வேலை இல்லை. நாளைக்கு மழை என்று சொல்வதுபோல அவரே இதை எங்களுக்குச் சொன்னார். தமிழ்ப் பிள்ளையே பேசும்போது உங்கள் பிள்ளைகளுக்கு என்ன கஷ்டம் என்று காட்ட என்னைத் தெரிந்தெடுத்திருந்தார். நிகழ்ச்சிக்கு முதல்நாள்தான் தானே எழுதிய சில வரிகளைத் தந்தார்: பனி கொட்டுகிறது, பஸ் வரவில்லை, என் கையுறை ஒன்றைக் காணவில்லை.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சமையலறைக்கும் பல்கனிக்கும் நடந்து நடந்து பாடமாக்கினேன். அம்மா கொஞ்சநேரம் பொறுத்தார்.

"உதென்ன பிள்ளை, செத்தவீட்டுக் குரலிலை? சபையிலை சொல்லுறதெண்டால் இழுத்துப் பாட வேணும்."

அம்மா படித்த காலத்தில் எதற்கும் ஒரு மெட்டு இருந்தது, பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக்கூட. தொலைந்த கையுறைக்கு அவர் ஒரு தேவார மெட்டைக் கொடுத்தார். அது நன்றாகவே பொருந்தியது. அதன்பிறகு மெட்டோடு பாடினால் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

மறுநாள் மேடையோரத்தில் மிஸ் கையை உயர்த்தியபடி நின்றார். முன்வரிசையில் அம்மாவின் கை தாளம்போடத் தொடையில் தயாராக இருந்தது. முதல் வரியை மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாவது வரி மறந்துபோயிற்று. அம்மாவின் கையைப் பார்த்தேன். தாளம் விழுந்தது, மெட்டு வந்தது, பனி, பஸ், கையுறை எல்லாம் வரிசையாக வந்தன. மிஸ்ஸின் கை காற்றில் கொஞ்சநேரம் என் குரலைத் துரத்தியது. பிறகு கீழே இறங்கியது.

எங்கள் வீட்டார் பலமாகக் கைதட்டினார்கள். மற்றவர்கள் சற்றுப் பிந்தித் தட்டினார்கள். இரண்டாம் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இது தமிழா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் எந்த ஊர்ப் பிள்ளை என்று விசாரிக்கிறார் என நினைத்துக்கொண்டேன். மிஸ் வந்து, "உனக்கு நல்ல குரல்" என்றார். அதுவரை என் நாக்கை மட்டுமே புகழ்ந்தவர் குரலையும் புகழ்ந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பஸ்ஸில் அப்பா, "இன்னொருக்கால் பாடு பிள்ளை" என்றார். பாடினேன். வரிகளின் கருத்தைக் கேட்டார். சொன்னேன்.

"ஓம், வடிவாய் விளங்குது" என்றார்.

செப்டம்பரில் வேறொரு ஆசிரியை வந்து கன்டனீஸில் வணக்கம் சொன்னார். வகுப்பே கலகலத்தது. நான் அவ்வளவு நன்றாகப் பாடியும் மிஸ்ஸை அனுப்பிவிட்டார்களே என்று, அந்தப் பெற்றோர்கள்மேல் எனக்கு வருடம் முழுவதும் கோபம் இருந்தது.