ஆற்றில் கட்டிய வெள்ளைத் துணி

எங்கள் தெருவில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி அனுப்புகிறவள் சாஜிதா பேகம். முப்பது வருஷமாக அந்த வேலைதான். சாக்கடையாகிப்போன நொய்யல் ஆற்றில் எட்டு முழ வெள்ளைத் துணி ஒன்று பாதி கறுத்துக் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. இழுத்து வந்து, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஓவியக்காரி ஜெனிதா கத்திக்கொண்டே வந்தாள். "யாரைக் கேட்டுங்க எடுத்தீங்க? ஆத்து அழுக்கே படம் வரையட்டும்னு நாப்பது நாளா கட்டி வெச்சிருந்தேனுங்க. ஞாயித்துக்கிழமை கண்காட்சி!"

"மய்யித்துக்குப் போத்துற துணியைச் சாக்கடையில கட்டுவியா அம்மணி?"

"அது கடையில வாங்கின காடாத் துணிங்க!"

"கபனும் கடையிலதான் வாங்கறோம். உனக்கு அழுக்குதானே வேணும்? போன மழைக்கு ஆறு என்ற ஊட்டுச் செவுத்துல இடுப்பு ஒசரத்துக்குக் கறை வெச்சுட்டுப் போயிருக்குது. அதைப் பேத்துட்டுப் போயி மாட்டு!"

ஜெனிதா சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. துணியை வெடுக்கென்று உருவிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அதே துணி அதே சாக்கடையில் கட்டியிருந்தது. சாஜிதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியோடு மறுபடியும் இறங்கினாள்.